கோழி முட்டைக்குள்ளும் பனிக்குடம் இருக்கிறதா?

02-02-2025 | வாசகர் கேள்வி

பத்து நாட்களுக்கு முன் என் மனைவிக்குப் பிரசவம் ஆயிற்று. வலி வருவதற்கு முன்பே பனிக்குடம் உடைந்துவிட்டதால் இரவோடு இரவாக ஓடினோம். தாயும் சேயும் நலம். பதினொன்றாம் வகுப்பில் விலங்கியல் படிக்கும் என் தங்கை, கோழிக்கும் பாம்புக்கும் பசுவுக்கும் அதே பனிக்குடம் உண்டு, அதனால் நாம் எல்லாரும் ஆம்னியோட்டுகள் என்ற ஒரே கூட்டம், தவளையும் மீனும் அதில் சேரா என்கிறாள். எனக்கு ஒப்பவில்லை. முட்டையிடுவது ஒரு வகை, குட்டி போடுவது இன்னொரு வகை என்றுதானே கண்ணால் பார்க்கிறோம்? தவளையும் முட்டைதானே இடுகிறது? வேகவைத்த முட்டையை உரிக்கும்போது ஓட்டுக்கு அடியில் ஒரு வெள்ளைத் தோல் வருமே, அதைத்தான் பனிக்குடம் என்கிறார்களா?

03-02-2025, காலை

உங்கள் தங்கை சொன்னதுதான் சரி, தம்பி. ஆனால் வேகவைத்த முட்டையில் உரியும் அந்தத் தோல் பனிக்குடம் அன்று. அது தாய்க்கோழியின் முட்டைநாளத்தில், ஓடு படிவதற்கு முன்பு, வெண்கருவைச் சுற்றிப் போர்த்தப்படும் ஓட்டுச் சவ்வு. சேவல் சேராமல் இட்ட முட்டையிலும் அது இருக்கும். கடையில் வாங்கும் முட்டையில் வளரும் கருவே இல்லாததால் அதில் பனிக்குடத்தைத் தேடிப் பயனில்லை. பனிக்குடத்தைத் தாய் கொடுத்தனுப்புவதில்லை. கரு தன் உடம்பின் திசுவையே விரித்துத் தனக்காகக் கட்டிக்கொள்கிறது. இதை மனத்தில் வாங்கிக்கொண்டால் மற்றவை எளிது.

கோழி அடைபடுத்த இரண்டாம் நாளில் கருவின் தலைப்பக்கம் ஒரு மடிப்பு எழும். பிறகு வால்பக்கத்திலும் விலாப்பக்கங்களிலும் மடிப்புகள் எழுந்து, சுருக்குப்பையின் வாயை இழுத்து மூடுவதுபோல நான்காம் நாள் வாக்கில் முதுகின்மேல் ஒன்றுகூடி ஒட்டிக்கொள்ளும். அந்த மடிப்பின் உட்சுவர் ஆம்னியான், அதாவது பனிக்குடம்; வெளிச்சுவர் கோரியான். ஆம்னியானுக்குள் நீர் ஊறிச் சேர, கரு அதில் மிதக்கும். மஞ்சள் கருவைப் போர்த்தி உணவை உறிஞ்சித் தருவது கருவுணவுப்பை. குடலின் பின்பகுதியிலிருந்து புடைத்து வளர்ந்து, கழிவைத் தேக்கி வைப்பதோடு மூச்சுக்கும் உதவுவது அலண்டாயிஸ். இந்த நான்கு படலங்களும் பல்லிக்கு உண்டு, ஆமைக்கு உண்டு, முதலைக்கும் மயிலுக்கும் உண்டு. உங்கள் மகனுக்கும் இருந்தன. மீன்குஞ்சின் வயிற்றில் உணவுப்பை தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். மற்ற மூன்றும் மீனுக்கு இல்லை. தவளையின் கருவைச் சுற்றி வழவழப்பான கூழ் மட்டுமே இருக்கிறது. தவளைக்குக் குளமே பனிக்குடம்.

ஜெர்மானிய விலங்கியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் 1866-ல் இந்தக் கூட்டத்துக்கு ஆம்னியோட்டா என்று பெயர் வைத்தார். நம் பாட்டிமார் அவருக்கு வெகுகாலம் முன்பே பனிக்குடம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாடநூல்களில் ஆம்னியான் என்ற சொல்லை எடுத்துவிட்டு எங்கும் பனிக்குடம் என்றே எழுதிவிடலாம் என்பது என் நெடுநாள் கருத்து.

03-02-2025, இரவு

காலையில் எழுதியதை மறுபடி படித்தபோது, ஓட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்று தெரிந்தது. சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் நான் பணியில் இருந்த காலம் முழுவதும் வகுப்பில் தவறாகச் சொல்லி வந்தது அதுதான். கெட்டியான ஓடு வந்ததால்தான் முதுகெலும்பிகள் நீரை விட்டு நிலத்தில் குடியேற முடிந்தது என்று எத்தனையோ ஆண்டுகள் சொல்லிக்கொடுத்தேன். பாம்பின் முட்டையும் கடலாமையின் முட்டையும் தோல்போல மெத்தென்று இருப்பதை நேரில் பார்த்திருந்தும் அந்த வாக்கியத்தை நான் திருத்தவில்லை. 2020-ல் புரோட்டோசெராடாப்ஸ், முசாரஸ் என்ற இரண்டு டைனோசர்களின் முட்டைகளை ஆராய்ந்து, அவையும் மென்தோல் முட்டைகளே என்று காட்டினார்கள். சுண்ணாம்பு ஓடு பிற்பாடு, வெவ்வேறு கிளைகளில் தனித்தனியாக வந்தது. நிலத்தில் வாழ வழி திறந்தவை உள்ளிருக்கும் படலங்கள்.

இவ்வகை விலங்குகளில் மிகப் பழையது எது என்று கேட்டால், கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஜாகின்ஸ் என்ற கடற்கரைப் பாறைகளில் கிடைத்த ஹைலோனோமஸ் என்ற ஒரு சாண் நீளப் பல்லி போன்ற விலங்கைச் சொல்வேன். 31 கோடி ஆண்டுகளுக்கும் முந்தையது. உள்ளே உளுத்துக் குழியாகிப்போன மரக்கட்டைகளுக்குள் அதன் எலும்புகள் கிடந்தன. வில்லியம் டாசன் 1860-ல் அதை விவரித்தார். அதன் முட்டை கிடைக்கவில்லை. எலும்பின் அமைப்பைக் கொண்டே இந்தக் கூட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள்.

05-02-2025

எங்கள் தோட்டத்தில் ஒரு நாட்டுக்கோழி மூன்று நாட்களாக அடையில் கிடந்து எழ மறுத்ததால் இன்று மாலை பதினொரு முட்டைகளை அடை வைத்தேன். கூடையில் பாதி மணல், அதன்மேல் வைக்கோல். என் அம்மா இருந்தவரை இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும் என்று ஓர் இரும்புத் துண்டும் இரண்டு வரமிளகாயும் அடுப்புக் கரியும் கூடையில் போட்டுவைப்பார். அதற்கு ஆதாரம் எதுவும் எனக்குத் தெரியாது. அவர் நினைவாக இரும்பை மட்டும் போட்டேன். இன்றிலிருந்து 21 நாள். இந்த இழை ஓடும் வரை கூடைக்குள் நடப்பதைப் பார்த்து எழுதுகிறேன்.

கோழி அலகால் முட்டையை அடிக்கடி புரட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். புரட்டாமல் விட்டால் கருவும் அதன் படலங்களும் ஓட்டுச் சவ்வோடு ஒட்டிக்கொள்ளும், அலண்டாயிஸ் முழுமையாகப் படராது. முட்டையைத் திருப்பாமல் விட்டால் எந்தக் கருவும் பிழைக்காது.

08-02-2025

தங்கை அனுப்பிய திருத்தம் சரியானது. மடிப்புகள் எழுந்து சுருக்குப்பைபோல மூடிக்கொள்வதாக நான் எழுதியது கோழிக்கும் பல்லிக்கும் பசுவுக்கும் பொருந்தும். மனிதக் கருவில் அப்படி நடப்பதில்லை. கருவுற்ற எட்டாம் நாள் அளவில், உயிரணுத் திரளின் நடுவிலேயே ஒரு பிளவு தோன்றி, அந்த வெற்றிடமே பனிக்குடமாக விரிகிறது. கை, கால், தலை என்று எதுவும் உருவாகாத நிலையிலேயே, குழந்தை வருவதற்கு முன்பு தொட்டில் கட்டி வைப்பதுபோல, நீர்ப்பை வந்துவிடுகிறது. பதினொன்றாம் வகுப்பு மாணவி இதைக் கவனித்துச் சொன்னதில் எனக்குப் பெருமகிழ்ச்சி.

12-02-2025

ஏழாம் நாள். இரவு எட்டு மணிக்குக் கோழியை மெதுவாகத் தூக்கிவிட்டு, ஒவ்வொரு முட்டையாகக் கைபேசி விளக்கின்மேல் வைத்துப் பார்த்தேன். முன்பெல்லாம் சிம்னி விளக்கின் முன் உள்ளங்கையைக் குவித்துப் பார்ப்போம். இப்போது தெளிவாகவே தெரிகிறது. நல்ல முட்டையில், நடுவில் ஒரு கரும்புள்ளியும் அதிலிருந்து எல்லாப் பக்கமும் செல்லும் சிவந்த நரம்புகளும், கால் விரித்த சிலந்திபோலத் தெரியும். புள்ளி கருவின் கண். நரம்புகளாகத் தெரிபவை கருவுணவுப்பையிலும் அலண்டாயிஸிலும் ஓடும் இரத்தக்குழாய்கள்.

ஒரு முட்டையைக் கொஞ்ச நேரம் அசையாமல் பிடித்திருந்தேன். அந்தக் கரும்புள்ளி ஒரு பக்கம் சாய்ந்து, நின்று, மறுபக்கம் சாய்ந்தது, மறுபடியும் அப்படியே. இந்த வயதுக் கருவும் தானாக அசையும். ஆனால் தூளிபோல இப்படி ஆடுவதில் பெரும்பங்கு ஆம்னியானுடையது. ஒரு நரம்புகூட இல்லாத அந்த மெல்லிய படலத்தில் தசையிழைகள் இருக்கின்றன. ஆம்னியான் மூடிக்கொண்ட சிறிது காலத்திலேயே அவை சுருங்கி விரிந்து உள்ளிருக்கும் நீரையும் கருவையும் தாலாட்டத் தொடங்கிவிடும். எத்தனையோ முறை படம் போட்டு விளக்கியிருக்கிறேன். கையில் பிடித்துப் பார்க்கும்போது அடுத்த முட்டையை எடுக்க மனம் வரவில்லை.

13-02-2025

ஒன்பது முட்டைகளில் கரு இருக்கிறது. இரண்டு கூமுட்டை. அவற்றை எடுத்துவிட்டேன்.

16-02-2025

“தரையில் முட்டையிடும் தவளையும் இருக்கிறதே, அதை ஏன் சேர்க்கவில்லை?” என்று வேறொரு நண்பர் கேட்டிருக்கிறார். இந்த இழையில் வந்த மிக நல்ல கேள்வி இதுதான் என்பேன்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் புதர்த்தவளைகள் பலவும் குளத்தையோ ஓடையையோ தேடிப் போவதில்லை. ஈரமான இலையிலும் சருகிலும் முட்டையிடும். தலைப்பிரட்டைப் பருவமே இல்லாமல் முட்டைக்குள்ளிருந்து நேரடியாகச் சின்னஞ்சிறு தவளை வெளியே வரும். களக்காடு முண்டந்துறைக் காடுகளில் இருக்கும் ஒரு புதர்த்தவளை, ஈற்றை மூங்கிலின் கணுக்களுக்கு இடையே உள்ள பொந்தில் ஏதோ ஒரு பூச்சி போட்ட சிறு துளை வழியாக நுழைந்து அங்கே முட்டையிடுகிறது. ஆண் தவளை உள்ளேயே இருந்து காவல் காக்கிறது. இதை 2015-ல் ஆய்வாளர்கள் விரிவாகப் பதிவு செய்தார்கள்.

ஆனால் அந்த முட்டையை வெயிலில் வைத்துப் பாருங்கள், சற்று நேரத்தில் வற்றிப்போகும். அதைச் சுற்றி இருப்பது கூழ் மட்டுமே. மூங்கில் பொந்தும் மழைக்காட்டின் ஈரமும் செய்யும் வேலையை, நம் கூட்டத்தில் கருவே தன்னைச் சுற்றிக் கட்டிய படலங்கள் செய்கின்றன. முட்டை பெரிதாக வேண்டுமானால் மூச்சு பெரும் சிக்கலாகிவிடும்: கூழ் கனக்கக் கனக்க ஆக்சிஜன் உள்ளே ஊடுருவுவது கடினம். அலண்டாயிஸ் அந்தச் சிக்கலைத் தீர்த்தது. கோழிக் கருவில் அது கோரியானோடு ஒட்டி இணைந்து, பன்னிரண்டாம் நாள் அளவில் ஓட்டின் உட்புறம் முழுவதும் இரத்தக்குழாய் வலையாகப் படர்ந்துவிடும். ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏறக்குறைய 10,000 இருக்கின்றன. 60 கிராம் எடையுள்ள ஒரு முட்டை 21 நாட்களில் ஏறக்குறைய 6 லிட்டர் ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு, 4.5 லிட்டர் கரியமில வாயுவையும் 11 லிட்டர் நீராவியையும் வெளியே விடுகிறது. கூடைக்குள் அசைவில்லாமல் கிடப்பதுபோலத் தோன்றும் ஒன்று இவ்வளவு மூச்சு விடுகிறது.

தவளை இந்தக் கூட்டத்தில் சேராததற்குக் காரணம் அதன் திறமைக் குறைவு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது வேறு வழியில் போனது.

19-02-2025

கடற்கரையில் வளர்ந்த ஒரு வாசகி பால்சுறாவைப் பற்றிக் கேட்டிருக்கிறார். பிள்ளை பெற்றவர்களுக்குப் புட்டு செய்து கொடுக்க வாங்குவோமே, அந்தப் பால்சுறாவை அறுக்கும்போது வயிற்றுக்குள் கொடியோடு கூடிய குட்டிகள் இருந்ததைப் பார்த்திருக்கிறாராம். அப்படியானால் சுறாவும் நம் கூட்டம்தானே என்கிறார்.

அவர் பார்த்தது உண்மை. பால்சுறாவின் குட்டி, தாயின் வயிற்றில் கொடி வழியாக உணவு பெற்றே வளர்கிறது. ஆனால் அந்தக் கொடியின் முனையில், தாயின் கருப்பைச் சுவரோடு ஒட்டி உணவு வாங்கும் நஞ்சுப் பகுதி (பிளசென்டா), குட்டியின் கருவுணவுப்பை உருமாறியதால் வந்தது. ஆம்னியானும் அலண்டாயிஸும் அதில் கிடையாது. குட்டி போடுவதால் மட்டும் ஒரு விலங்கு இந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிடாது; முட்டையிடுவதால் விலகியும் போகாது. ஆஸ்திரேலியாவின் பிளாட்டிபஸ் முட்டையிட்டுப் பாலூட்டுகிறது. 1884-ல் வில்லியம் கால்ட்வெல் அங்கிருந்து தந்தி கொடுத்து அதை உறுதிப்படுத்தும் வரை ஐரோப்பாவில் பலர் நம்பவில்லை. நம்மூர்க் கண்ணாடி விரியன் குட்டி போடுகிறது. குட்டிகள் தாயின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வருகின்றன என்று ஊரில் சொல்வார்கள். அது பிழை. ஒவ்வொரு குட்டியும் கண்ணாடித்தாள் போன்ற மெல்லிய படலத்துக்குள் சுருண்டபடி வெளியே வந்து, அந்தப் படலத்தைத்தான் கிழிக்கிறது.

27-02-2025

எட்டு குஞ்சுகள் பொரித்துவிட்டன.

நேற்று முன்தினம் காலை கூடைப்பக்கம் குனிந்தபோதே முட்டைக்குள்ளிருந்து கீச்சொலி கேட்டது. ஓட்டில் கீறல்கூட விழாத நேரம் அது. இருபதாம் நாள் அளவில் குஞ்சு அலகால் உட்படலங்களைத் துளைத்து, முட்டையின் அகன்ற முனையில் இருக்கும் காற்றறைக்குள் மூக்கை நீட்டும். நுரையீரலின் முதல் மூச்சு அங்கேதான். அதற்கும் ஓடு உடைவதற்கும் இடையே பல மணி நேரம் இருக்கிறது. ஓட்டில் முதல் கீறல் விழுந்த பிறகும் பாதி நாளோ ஒரு நாளோ ஆகலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் குஞ்சு சிக்கிக்கொண்டு தவிப்பதாகவே தோன்றும்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது அப்படித்தான் தோன்றியது. அம்மா வயலுக்குப் போயிருந்தார். ஓட்டில் ஒரு துளை போட்டுவிட்டு வெகுநேரம் அசையாமல் இருந்த குஞ்சுக்கு உதவுவதாக எண்ணி, நகத்தால் ஓட்டைத் துண்டு துண்டாகப் பெயர்த்தேன். மூன்றாவது துண்டு வந்தபோது அதன் அடியிலிருந்த சவ்வில் இரத்தம் முத்து முத்தாகக் கசிந்து, பிறகு நிற்காமல் வழிந்தது. என் விரல்கள் நனைந்தன. குஞ்சு அன்று மாலைக்குள் இறந்துவிட்டது. நான் கிழித்தது வெறும் உறை என்றே பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். கல்லூரியில் கருவியல் படித்தபோதுதான் அது அலண்டாயிஸ் என்பதும், நுரையீரல் பொறுப்பை முழுவதுமாக எடுத்துக்கொள்ளும் வரை அதில் உயிருள்ள இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும் என்பதும் தெரிந்தது. குஞ்சு அசையாமல் இருந்தது களைப்பால் மட்டும் அன்று. படலத்தின் இரத்தம் உள்ளே வாங்கப்படுவதற்கும், எஞ்சிய மஞ்சள் கரு வயிற்றுக்குள் இழுக்கப்படுவதற்கும் அந்த நேரம் வேண்டும். கீறல் விழுந்த முட்டையில் யாரும் கை வைக்காதீர்கள் என்று ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களிடம் முதலில் சொல்வேன், இங்கேயும் சொல்கிறேன்.

ஒன்பதாவது முட்டை பொரிக்கவில்லை. இன்று அதைத் திறந்தேன். முழுதாக வளர்ந்த குஞ்சு, தலையைக் காற்றறைப் பக்கம் வைக்காமல் குறுகிய முனைப்பக்கம் வைத்திருந்தது.

10-03-2025

05-02 அன்று எழுதியதில் ஒரு வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன். திருப்பாமல் விட்டால் எந்தக் கருவும் பிழைக்காது என்று பொதுவாகச் சொன்னேன். கோழியைப் பார்த்தே வளர்ந்ததால் வந்த பிழை அது.

சென்ற வாரம் சென்னையில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தபோது, மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பினரோடு நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் நோக்கி இரவில் நடந்தேன். 1988 முதல் ஆண்டுதோறும் இதைச் செய்து வருகிறார்கள். நள்ளிரவு தாண்டி, ஈர மணலில் பங்குனி ஆமை ஏறி இறங்கிய தடம் தென்பட்டது. ஒரு மாணவி கழியால் மணலைக் குத்திப் பார்த்துக் குழியைக் கண்டுபிடித்து, முழங்கை ஆழத்துக்குக் கையை விட்டு, ஒவ்வொரு முட்டையாக எடுத்துத் துணிப்பையில் வைத்தார். மேசைப்பந்து அளவு, வெள்ளை, விரலால் தொட்ட இடத்தில் லேசாகக் குழிந்தது. நூறுக்கு மேல் இருந்தன. எல்லாம் விடிவதற்குள் பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் தோண்டிய குழிக்குப் போய்விட வேண்டும் என்றார்.

“நாள்தோறும் தோண்டித் திருப்பி வைப்பீர்களா, அம்மா?” என்று கேட்டேன். அவர் பதறிவிட்டார். “திருப்பினால் செத்துப்போகும், ஐயா. சில மணி நேரத்துக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டால், அப்புறம் குஞ்சு வரும் வரை நாங்கள் தொடவே மாட்டோம்.”

அறை திரும்பி வெகுநேரம் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். கோழி முட்டையின் மஞ்சள் கருவை இரண்டு பக்கமும் முறுக்கிய வெண்கயிறு போன்ற இழைகள் பிடித்திருக்கும். முட்டையை எப்படிப் புரட்டினாலும் கரு சுழன்று மேலே வந்துவிடும். ஆமை முட்டையில் அந்தக் கயிறுகள் இல்லை. இட்ட சில மணி நேரத்தில் கரு உச்சிக்கு வந்து ஓட்டுச் சவ்வில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய இடம் வெளியிலிருந்தே வெண்திட்டாகத் தெரியும். கோழிக் கருவுக்குச் சாவாக முடியும் அதே ஒட்டுதல்தான் ஆமைக் கருவுக்கு நங்கூரம். அதன்பின் முட்டையைப் புரட்டினால் இளம் படலங்கள் கிழிந்துவிடும். நான்கு படலங்களும் இரண்டுக்கும் பொதுவானவை. ஒன்றுக்குப் புரட்டுவது உயிர், மற்றதற்குப் புரட்டுவது சாவு. ஆமை முட்டை கிடந்த மணலின் சூட்டைப் பொறுத்தே ஆணா பெண்ணா என்பது முடிவாகிறது. சூடு மிகுந்தால் பெண். கோழியில் அது கரு உருவாகும்போதே முடிந்துவிட்ட செய்தி.

06-04-2025

இதுவும் திருத்தம். முதல் நாள், ஆம்னியான் என்ற சொல்லே வேண்டாம், பனிக்குடம் போதும் என்று எழுதியிருந்தேன். நேற்று விடியற்காலையில் எங்கள் மாடு கன்று ஈன்றதை அருகிலிருந்து பார்த்த பிறகு அந்தக் கருத்தில் பாதியைக் கைவிடுகிறேன்.

மூன்று மணிக்குக் கட்டுத்தரையில் மாடு படுத்து எழுந்து படுத்துக்கொண்டிருந்தது. முதலில் நீலமும் சிவப்பும் கலந்த, நரம்போடிய ஒரு பை வெளியே தெரிந்து, மாடு முக்கியதும் உடைந்தது. தண்ணீர்போல மெலிந்த, மஞ்சள் சாயலுள்ள நீர் குபுகுபுவென்று கொட்டியது. “பனிக்குடம் உடைஞ்சிருச்சுங்க” என்றார் மாட்டைப் பிடித்திருந்தவர். அரைமணி நேரம் கழித்து இரண்டாவது பை வந்தது. இது வெண்மையானது, உள்ளே இரண்டு குளம்புகள் தெரிந்தன. அது கிழிந்தபோது வந்த நீர் கைக்கு வழவழவென்று இழைந்தது. அதையும் அவர் பனிக்குடம் என்றே சொன்னார்.

இரண்டாவதுதான் ஆம்னியான். முதலில் உடைந்தது கோரியானோடு ஒட்டிய அலண்டாயிஸ். அதிலிருந்து கொட்டியது பெரும்பாலும் கன்றின் கழிவுநீர். கோழி முட்டையில் கழிவை யூரிக் அமிலமாகத் தேக்கி வைக்கும் அதே பை, மாட்டில் இப்படிப் பெரிய நீர்ப்பையாக நிற்கிறது. மனிதரில் அலண்டாயிஸ் மிகச் சிறியது. ஆம்னியான் விரிந்து விரிந்து கோரியானோடு போய் ஒட்டிக்கொள்வதால் உங்கள் மனைவிக்கு உடைந்தது ஒரே குடம். ஊரார் சொல்லில் நீர் நிறைந்த பை எதுவானாலும் பனிக்குடம். அந்தப் பயன்பாட்டில் பிழை இல்லை, ஆனால் கருவியல் எழுதும்போது இரண்டு பைகளையும் ஒரே சொல்லால் சுட்ட முடியாது. எனவே படலத்தைக் குறிக்க ஆம்னியானும் அலண்டாயிஸும் இருக்கட்டும். விலங்குக் கூட்டத்தைக் குறிக்கப் பனிக்குட விலங்குகள் என்ற சொல்லை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

கன்றின் மூக்கின்மேல் கிழியாமல் ஒட்டியிருந்த ஒரு துண்டுப் படலத்தை விரலால் விலக்கியதும் அது தும்மியது. இத்தனை நாள் காத்த படலம், அந்த நேரத்தில் விலக்கப்படாவிட்டால் மூச்சை அடைத்திருக்கும். காலை ஒன்பது மணிக்கு இளங்கொடி விழுந்தது. அதை வைக்கோலில் பொதிந்து சாக்கில் கட்டி, வழக்கப்படி ஊர் ஆலமரத்தில் தொங்கவிட்டு வந்தார்கள். பால்வடியும் மரத்தில் கட்டினால் மாடு நன்றாகப் பால் கறக்கும் என்பது நம்பிக்கை. நானும் கூடப் போனேன்.

18-05-2025

ஹைலோனோமஸை மிகப் பழையது என்று 03-02 இரவில் எழுதியிருந்தேன். இந்த வாரம் வெளியான ஆய்வு அதை மாற்றுகிறது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் இரண்டு ஆர்வலர்கள் கண்டெடுத்த ஒரு கற்பலகையில் ஐந்து விரல்களோடு நகங்களின் கீறலும் பதிந்த காலடித் தடங்கள் இருக்கின்றன. பாறையின் வயது ஏறக்குறைய 35.5 கோடி ஆண்டுகள். தவளையினத்துக்கு நகம் பெரும்பாலும் இல்லை. கூரிய நகம் நம் கூட்டத்தின் அடையாளம். ஜான் லாங், பெர் ஆல்பெர்க் முதலியோர் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்கள் சொல்வது நிலைத்தால், இந்தக் கூட்டத்தின் தொடக்கம் ஏறக்குறைய நான்கு கோடி ஆண்டுகள் பின்னால் போகிறது.

இந்தக் கூட்டத்தில் முட்டையிடுவதுதான் முதலில் வந்தது, குட்டி போடுவது பிற்பாடு என்ற என் எண்ணமும் ஆட்டம் காண்கிறது. 2023-ல் நான்ஜிங், பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தொடக்கக் காலத்துப் பனிக்குட விலங்குகள் கருவை நெடுநாள் வயிற்றிலேயே வைத்திருந்திருக்கலாம், குட்டி போட்டிருக்கவும் கூடும் என்று வாதிட்டார்கள். 28 கோடி ஆண்டுப் பழைமையான மீசோசாரஸ் என்ற ஊர்வனவின் கருக்கள் உருகுவேயிலும் பிரேசிலிலும் கிடைத்தபோதே இந்த ஐயம் எழுந்தது. அப்படியானால் முட்டையிடுவது ஒரு வகை, குட்டி போடுவது இன்னொரு வகை என்று நீங்கள் முதலில் எழுப்பிய எதிர்ப்பு இன்னும் வலுவிழக்கிறது, தம்பி: இரண்டுக்கும் அடியில் ஒரே படலம் இருந்தது, அதை வெளியே வைப்பதா உள்ளே வைப்பதா என்பது காலந்தோறும் மாறி வந்திருக்கிறது.

01-06-2025

கோழிக்குஞ்சுக்குத் தொப்புள் உண்டா என்று நேற்றுக் கேட்டிருந்தீர்கள். உண்டு. பொரிப்பதற்கு முன் மஞ்சள் கரு உள்ளே இழுக்கப்பட்ட வாசல்தான் அது. ஒருநாள் குஞ்சைப் புரட்டி அடிவயிற்றில் மென்தூவியை ஊதி விலக்கினால் சிறு வடுவாகத் தெரியும். அது சரியாக மூடாத குஞ்சுக்குத் தொற்று ஏற்பட்டு இறந்துபோக வாய்ப்பு அதிகம் என்பதால் பொரிப்பகங்களில் முதலில் பார்ப்பதே அந்த இடத்தைத்தான். உள்ளே போன மஞ்சள் கருவைக் கொண்டே குஞ்சு இரண்டு மூன்று நாள் இரையில்லாமல் தாங்கும்.

பிப்ரவரியில் பொரித்த ஓடுகளில் ஒன்றை எடுத்து வைத்திருந்தேன். இன்று அதை வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். உட்புறச் சவ்வில் காய்ந்த இரத்தக்குழாய்கள், இலை நரம்புபோலப் பழுப்புக் கோடுகளாகக் கிளைத்துக் கிளைத்து ஓடு முழுவதும் படர்ந்திருக்கின்றன. கிளைகள் எல்லாம் தடித்துத் தடித்து ஒரே இடத்தில் வந்து கூடி, அங்கே அறுந்து நிற்கின்றன. அலண்டாயிஸின் அதே குழாய்கள்தான் உங்கள் மகனின் கொடியிலும் ஓடின. மருத்துவமனையில் கவ்வி போட்டு அறுத்தது அவற்றைத்தான். ஓட்டைப் பஞ்சில் பொதிந்து வைத்திருக்கிறேன். தங்கைக்கு வேண்டுமானால் சொல்லுங்கள், அனுப்பி வைக்கிறேன்.